வெள்ளைச் சாரம்

"தள்ளுங்கோ, தள்ளுங்கோ!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு கிளறா ஸ்கூட்டரைப் பலேர்மோத் துறைமுக வாசலுக்குள் விட்டாள். காவலாளிக்கு என்ன விளங்கியதோ, ஒதுங்கிவிட்டான். மணி ஒன்பதரை. நாப்போலியிலிருந்து ஆறரைக்கு வரவேண்டிய கப்பல், காற்றில் மாட்டி இப்போதுதான் கயிறு கட்டுகிறது. பத்து மணிக்கு வீட்டில் அப்பாவின் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்கு முன் தம்பி பிறின்ஸ் அப்பாவின் நெற்றியில் ஒருதரம் முத்தமிட வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டாம்.

முதல் ஆளாக ஓடி வந்தான் பிறின்ஸ். அவனைக் கண்டதும் பொங்கி வந்த சந்தோஷம் அவளுக்குப் பாதியில் நின்றுவிட்டது. முழு இராணுவச் சீருடை, நீலத் தொப்பி, சப்பாத்து!

"உனக்கு மூளை இருக்கே? உந்த உடுப்போடை அம்மா உள்ளுக்கு விடுவாவே?"

முன்பு மன்னாரில் ஒரு விடியற்காலை இலங்கை இராணுவம் சப்பாத்துக் காலோடு வீட்டுக்குள் ஏறி அப்பாவின் அண்ணனைக் கொண்டுபோனது. அவர் திரும்பவேயில்லை. பிறின்ஸ் இத்தாலி இராணுவத்தில் சேர்ந்த அன்று அப்பா சொன்னது ஒன்றுதான்: எந்த நாட்டுப் பட்டாள உடுப்பும் என்ரை வாசல் ஏறப்படாது. அம்மா இன்றும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"காவலிலை நிண்டனான் அக்கா, அப்பிடியே வெளிக்கிட்டு வந்திட்டன். பைக்குள்ளை வெள்ளைச் சாரமும் சேட்டும் கிடக்கு, கப்பலிலை கட்டிப் பாத்தன், நிக்குதில்லை. நீ ஓடு!"

அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டினாள். சிவப்பு விளக்கெல்லாம் அவளுக்கு இன்று பச்சைதான்.

"ஆற்றை சாரம்?" என்று காற்றுக்குள் கத்திக் கேட்டாள்.

"லெபனானிலை எங்களோடை ஐ.நா. படையிலை இலங்கை ஆக்களும் இருக்கினம். சின்னப் படை, நூறு பேருக்குக் கொஞ்சம் மேலை. எங்கடை வண்டி விடியத்தான் வெளிக்கிடும் எண்டாங்கள். அவங்கடை கோப்ரல் ஒருத்தன்தான் இரவிரவா ஜீப் ஓடிக்கொண்டு வந்து பெய்றூட் எயார்போட்டிலை விட்டவன். அப்பா எண்டதும் தன்ரை பையைத் திறந்து தந்தான். போயாப் பௌர்ணமிப் பூசைக்குக் கட்ட வைச்சிருந்ததாம்."

"சிங்களவனே?"

"ஓம்."

ஐயோ கடவுளே! பல்லரோச் சந்தைக்குள் தக்காளிப் பெட்டியொன்றை இடித்துத் தள்ளிக்கொண்டு ஸ்கூட்டர் போனது. காய்கறிக்காரன் அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான்.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. கப்பலிலை வாங்கினதெண்டு சொல்லு, கேட்டியே?"

வீட்டு மாடிப்படிக்குக் கீழே அவள் தன் ஜாக்கெட்டை மறைப்பாகப் பிடிக்க, பிறின்ஸ் உடுப்பு மாற்றினான். பலேர்மோவில் பிறந்தவனுக்கு லுங்கிபோல அந்தச் சாரத்தைக் கட்டத் தெரிந்தால்தானே! ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, வெறுங்காலோடு இரண்டிரண்டு படியாகத் தாவினான். சப்பாத்து கீழேயே கிடந்தது.

பத்தாகிவிட்டது. பெட்டிக்காரர் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றார். செலஸ்ரீனா மாமி செபமாலையை நிறுத்தினாள். அம்மா விமலராணி மகனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது ஆற்றையடா?"

கிளறா கண்ணால் கெஞ்சினாள். பிறின்ஸ் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"அப்பான்ரை முன்னாலை பொய் சொல்லமாட்டன் அம்மா. இலங்கை ஆமிக்காரன் ஒருத்தன் தந்தவன். தன்ரையைத் தந்தவன்."

பெட்டிக்காரர், "சிஞ்ஞோரா..." என்று அம்மாவை நோக்கி மெல்ல இழுத்தார்.

அம்மா எழுந்து நேரே மகனிடம் வந்தாள். வந்தவள் சாரத்தின் முடிச்சைப் பிடித்து அவிழ்த்தாள். கிளறா தலையில் கைவைத்தாள். போச்சு, எல்லாம் போச்சு!

"கட்டவும் தெரியாது" என்றாள் அம்மா.

இரண்டு பக்கத்தையும் இழுத்து, மடித்து, வயிற்றோடு இறுக்கிச் செருகினாள். பிறகு ஒரு பக்கமாக விலகி அவனுக்கு வழிவிட்டாள்.

பிறின்ஸ் பெட்டிக்குள் நன்றாகக் குனிந்தான். சாரம் அவிழவில்லை.