தலைவர் கொட்டிலில் சமத்துவம்

பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு ஒரு தடவை தலைவராக இருந்து இறங்கியவர். பதவி போயும் பட்டம் போகவில்லை. மனைவிகூட அவரைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவாள். அவள் கூப்பிடும்போது மட்டும் அதில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கும்.

அவர் கொட்டிலில் சமத்துவம் கோலோச்சியது. அண்மையில் கன்று போட்ட கறுப்பிக்கும் ஒரு வாளி தீவனம். பால் வற்றி, நிறைசினையாக நின்ற செவலைக்கும் அதே ஒரு வாளி. "நம்ம கொட்டாய்ல மேல கீழங்கிற பேச்சே கிடையாது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் முழங்குவார்.

செவலை பூசணிக்காயாக உருண்டது. கறுப்பியோ மடை திறந்தாற்போல் பாலைக் கொட்டிவிட்டு விலா தெரிய நின்றது. பிறகு வாளியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கியது. மூச்சில் மட்டும் கனிந்த பழத்தின் வாசனை.

தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத்து ஆட்களை வரவழைத்து, வரிசையாக மாட்டின் வாயருகே மூக்கை நீட்ட வைத்தார்.

"எப்படி மணக்குது பாத்தீங்களா? எல்லாம் தீவனப் பக்குவம்!"

ஒருவர் கண்ணை மூடி அனுபவித்து, "அன்னாசி" என்றார்.

மறுநாள் பால் பாதியானது. மனைவி தன் தங்கைக்குப் போன் போட்டாள். மாட்டு டாக்டரான அவள் வந்து மாட்டின் மூச்சை முகர்ந்தாள்; சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்தாள். பட்டை ஊதாவாக மாறியது.

"மாமா, இது பக்குவமில்ல, வியாதி. கன்னு போட்ட புதுசுல பால் மளமளன்னு ஏறும். பசி அந்த வேகத்துக்கு ஏறாது. தீனியும் பத்தலன்னா உடம்புக் கொழுப்பக் கரைச்சுத்தான் பால் குடுக்கும். அளவுமீறிக் கரைஞ்சா ஈரல் திணறிடும், மூச்சுல இந்த வாசனை வந்துடும். ஊரக் கூட்டி நீங்க மோந்து பாத்தது அதைத்தான்."

தலைவர் முகம் சுண்டிப்போனது. "அப்ப செவலை? கொழுகொழுன்னு நிக்குதே!"

"அதான் பயமே. இப்படிக் கொழுத்துட்டு கன்னு போட்டா தீனியே இறங்காது. இதைவிட மோசமாப் படுத்துக்கும். அதுக்காகப் பட்டினி போட்டுடாதீங்க. தானியத்தக் குறைச்சு வைக்கோலக் கூட்டுங்க."

கறுப்பிக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். இனிப்பு மருந்தைப் புகட்டினாள்.

மதியம் தலைவர் தட்டில் பாதிச் சோறுதான் விழுந்தது.

"என்னடி இது?"

"தங்கச்சி சொன்னதக் கேட்டீங்கல்ல? கறவையில இல்லாததுக்குக் கம்மியாத்தான் போடணுமாம், தலைவரே."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டருக்குப் புரையேறியது. தலைவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு எழுந்தார்.

கறுப்பி சில நாளில் வாளியை நக்க ஆரம்பித்தது. செவலைக்குத்தான் தீனியைக் குறைத்தது பிந்திப்போனது. கன்று போட்டதும் படுத்துக்கொண்டு, டாக்டரைப் பலமுறை அலையவிட்டுத்தான் எழுந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"கறவைக்கு ஒரு தீனி, வத்தின மாட்டுக்கு ஒரு தீனி. இதைத்தான் நான் பல வருஷமாத் தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டு வர்றேன்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பின்வரிசையிலிருந்த மனைவி எழுந்து, பால் கறக்க நேரமாகிவிட்டதென்று கிளம்பினாள்.