வட்டிக்கு நின்ற கப்பல்

1895ஆம் வருஷம் ஆடி மாதத்தில், கடலே எட்டாத தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தசரதனின் மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த மேட்டில், ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து நின்றது. அந்த வாரம் துவரம்பருப்பும் கொஞ்சம் விலை ஏறியிருந்தது. கப்பல் தலைவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தான். நூறு வருஷத்துக்கும் முன்னால், புதுச்சேரியில் தசரதனின் கொள்ளுத்தாத்தா வீட்டை அடமானம் வைத்து, அரிசியும் கயிறும் பாய்த்துணியும் கடனாகக் கொடுத்தது இந்தக் கப்பலுக்குத்தான். பணம் வருவதற்குள் பிரான்சில் ராஜாவின் தலையை வெட்டிவிட்டார்கள். ராஜா வாங்கிய கடனை ராஜாவிடமே கேட்கும்படி யாரோ ஒரு குமாஸ்தா சொல்லி அனுப்பினான். வீடு முழுகிப்போனது. அன்றிலிருந்து கப்பலுக்கும் கரை கிடைக்கவில்லையாம். கடனை அடைக்காமல் ஊர் திரும்ப முடியாது என்றான் தலைவன்.

கையில் காசில்லாததால் மாலுமிகள் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஷிப்டு தவறாமல் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி, சம்பளத்தை அப்படியே தசரதனிடம் கொடுத்தார்கள். பசியும் தூக்கமும் அவர்களுக்கு இல்லை. சட்டையில் மட்டும் எந்நேரமும் கடல்நீர் சொட்டியது. சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்கள் அதைப் பிழிந்து காய்ச்சி உப்பு எடுத்ததில் கடையில் உப்பு வியாபாரம் படுத்துவிட்டது.

"நம்ம மொதலாளி ஒரு கல்லு உப்பு ஓசி தரமாட்டாரு. தொரைங்க தேவல," என்றான் சுரங்கத்துப் பெருமாள், தசரதனின் காதுபடவே.

சில வருஷங்களில் அசல் அடைந்தது. அந்த வருஷத்து ஆடிக் காற்றில் பாய்கள் தாமாகப் புடைத்து, கப்பல் தரையை விட்டு எழும்பியது. மாலுமிகள் சிரித்ததை ஊர் அன்றுதான் பார்த்தது. தலைவன் விடைபெற வந்தபோது தசரதன் வட்டியைக் கேட்டான். வட்டி வந்தால்தான் வீட்டை மீட்க முடியும். அப்பா சாகும்போது கேட்டது அந்த வீட்டைத்தான்.

அவன் மனைவி ஜெயம்மா உள்ளேயிருந்து வந்தாள். "அசலு வந்துட்ச்சில்ல, உட்டுடுங்க. அவங்களுக்கும் வூடு வாசல் இருக்கும்."

"நூறு வருசத்து வட்டிய உங்கப்பன் குடுப்பானா?"

தலைவன் போய்ப் பாய்களைச் சுருட்டச் சொன்னான்.

அதற்குப் பிறகு சட்டைகள் மெல்ல மெல்லக் காய்ந்தன. உப்பு மறுபடி விற்கத் தொடங்கியதில் தசரதனுக்குச் சந்தோஷம்; அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. மாலுமிகள் இருமினார்கள், தூங்கினார்கள், ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசினார்கள். வட்டி முழுதும் சேர்ந்ததும் தசரதன் புதுச்சேரிக்குப் போய் வீட்டை மீட்டான். மாடியில் ஏறிக் கடலைப் பார்த்தபோதுதான் மாலுமிகளின் காய்ந்த சட்டைகள் அவன் நினைவுக்கு வந்தன. கிடைத்த ரயிலில் திரும்பி வந்து, கணக்கு தீர்ந்துவிட்டது, புறப்படுங்கள் என்று தலைவனைக் கும்பிட்டான். ஆடிக் காற்று வந்தது. பாய்கள் புடைத்தன. கப்பல் அசையவில்லை.

தலைவன் நாலாபக்கமும் பார்த்தான். "கடலு எந்தப் பக்கம்னு மறந்துட்ச்சி, மொதலாளி," என்றான். பிறகு கூச்சத்தோடு, "பசிக்குது. ரெண்டு படி அரிசி குடுங்க. சம்பளத்துல கட்டிடறேன்."

தசரதன் படியைக் கோபுரமாகக் குவித்து அளந்து போட்டான். புதுச்சேரி வீட்டில் அவன் கடைசிவரை குடியேறவில்லை. மாடியில் நின்றால் கடல் தெரியும். மழைக்கு முன் கப்பலுக்குத் தகரம் வேய்ந்தார்கள். ஊர் அதற்குக் கப்பல் லைன் என்று பேர் வைத்தது. பாய்த்துணி, அடுத்தடுத்த வருஷங்களில், தொட்டில் கட்ட ஆயிற்று.