டூசானுக்கு ஒரு சீட்

ஊரார் பற்களை நேராக்கிச் சம்பாதித்ததையெல்லாம் மெரிட் லிண்ட்க்விஸ்ட் ஒரு விமானத்துக்குள் கொட்டியிருந்தான். பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களை ஒட்டி, தேய்த்து, திருப்தி வராமல் மறுபடியும் தேய்த்து, பிரைன்வில் வீட்டுக் கராஜில் அவனே கட்டியது. அது முடிவதற்குள் அவன் தலை நரைத்துவிட்டது. கார் அத்தனை குளிர்காலமும் வெளியே பனியில் நின்றது. இறக்கை பொருத்தாத நாளிலிருந்தே மாலைதோறும் உள்ளே ஏறி உட்கார்ந்து வாயால் இன்ஜின் சத்தம் போடுவான். விமானம் கட்டுகிற எல்லோரும் செய்வதுதான், யாரும் சிரிப்பதில்லை. சமையலறையில் இருக்கும் அவன் மனைவி கொரினுக்கு, சத்தம் அடங்கினால் தரையிறங்கிவிட்டான், சூப்பைச் சூடு பண்ணலாம் என்று அர்த்தம்.

வலது பக்கத்து சீட் அவளுக்கென்று வாக்குக் கொடுத்திருந்தான். முதல் பயணம் தெற்கே வெகுதூரத்தில், டூசானில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு. பறக்கும்போது தனக்கு மாரடைப்பு வந்தால் விமானத்தை இறக்க ஆள் வேண்டுமே என்று அவளைப் பயிற்சிக்கும் அனுப்பினான். மாரடைப்பு வரவில்லை, அவளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. தக்காளிச் செடி வளர்ப்பதைப் போல அதுவும் ஒரு பொழுதுபோக்கு என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டான்.

வினை வேறு இடத்தில் இருந்தது. அதே மாதிரி விமானத்தைக் கட்டிய நண்பன் வெண்டல் ஸ்ட்ரவுட், மணிக்கு இரண்டு மைல் கூடுதல் வேகத்தில் போனான். ஒவ்வொரு ஜூனிலும் விமான கிளப்பின் பந்தயம். மெரிட்டுக்குத் தூக்கம் போயிற்று. எடையைக் குறைக்கத் தொடங்கினான். முதலில் தரைவிரிப்பு போயிற்று, பிறகு ஹீட்டர், பிறகு பக்கவாட்டில் ஓடிய சிவப்புக் கோடு. கடைசியில் ஒருநாள் வலது சீட்டையும் கழற்றி கராஜ் மூலையில் வைத்தான்.

"அப்போ நான் எங்க உக்கார்றது?" என்றாள் கொரின்.

"பந்தயம் முடியட்டும், திரும்ப மாட்டிடறேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

"போன வருஷம் ஹீட்டரைத்தானே எடுத்தேன்?"

அடுத்த சனிக்கிழமை, கிளப்பில் பான்கேக் தின்னும்போது, மெரிட் தன் எடைக்குறைப்பைப் பற்றிப் படம் போட்டு விளக்கினான். வெண்டல் சிரப்பை ஊற்றிக்கொண்டே, "டேய் மெரிட், எல்லாத்தையும் கழட்டிட்டே. அந்தத் தொப்பைய மட்டும் ஏன்டா விட்டு வச்சிருக்க?" என்றான். மேசையே சிரித்தது.

வேறொருவனாக இருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பான். மெரிட் பேனாவை எடுத்தான். காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டான். இன்ஜினை விட்டால் விமானத்திலேயே கனமான பாகம் தான்தான் என்று தெரிந்தது. தன் எடையில் பாதிகூட இல்லாத ஒரு விமானி வீட்டிலேயே தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பந்தயத்துல நீதான் ஓட்டப்போற. தொழில்நுட்பக் காரணம் மட்டும்தான்," என்றான் அவளிடம், ஏதோ பதவி கொடுப்பவனைப் போல.

"தெரியும்," என்றாள் கொரின்.

ஒரு வாரம் அவளை உள்ளே உட்காரவைத்து வகுப்பெடுத்தான். பிறகு அவள் தனியாக ஏறி ஏறி இறங்கிப் பழகினாள், ஒருதடவைகூட அவனைப் போல் ஓடுபாதையில் குதிக்காமல்.

பந்தய நாளில் மெரிட் கோடு போட்ட காலர் சட்டை மாட்டி, கோப்பை வாங்குவதற்கான முகத்தையும் மாட்டிக்கொண்டு நின்றான். ஏரியைச் சுற்றி இரண்டு சுற்று. கொரின் வெண்டலைத் தாண்டித் தலைக்கு மேல் விர்ரென்று போனாள். மெரிட் ரேடியோவைப் பிடுங்கினான்.

"கொரின்! ஜெயிச்சிட்டோம்! மணிக்கு மூணு மைல் வித்தியாசம்! எறங்கி வா!"

"எறங்கறேன். டூசான்ல."

"பைத்தியமா? டாங்க்ல கால்வாசிதான இருக்கு! எடை ஏறக்கூடாதுன்னு நானே அளந்து ஊத்தினேன்!"

"காலையில நான் ரொப்பிட்டேன், மெரிட். விளிம்பு வரைக்கும். சீட் இருந்த எடத்துல பெட்டியும் இருக்கு. தங்கச்சிக்கு இரும்பு வாணலி வேற."

மெரிட் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தான். நிறைந்த டாங்க், பெட்டி, வாணலி. அவன் கழற்றிய அத்தனையையும் இரண்டு முறை திரும்ப மாட்டினாலும் அவ்வளவு கனம் வராது; அத்தனையையும் சுமந்துதான் அவள் ஜெயித்திருந்தாள். பக்கத்தில் வந்து நின்ற வெண்டலும் அதையே கூட்டிக்கொண்டிருந்தான் போலும். உதட்டுக்கு வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டான். விமானம் தெற்கே ஒரு புள்ளியானது.

மாலையில் மெரிட் காலியான கராஜுக்குள் போனான். நடுவில் எண்ணெய்க் கறை. மூலையில் கொரின் தேர்ந்தெடுத்த நீல உறை போட்ட வலது சீட். அதை இழுத்து வந்து கறையின் மேல் போட்டான். உட்கார்ந்து பெல்ட்டைக் கட்டினான். பிறகு மெல்ல உதடுகளை அதிரவிட்டு இன்ஜினைக் கிளப்பினான்.

வாசலில் வெண்டல், கையில் மடக்கு நாற்காலி.

"பக்கத்துல எடம் இருக்காடா?"

மெரிட் சத்தத்தைக் குறைத்து அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ எத்தனை பவுண்டு?"

"பாதி வாணலி."

"சரி, ஏறு."

"எங்க போறோம்?"

"டூசான்," என்றான் மெரிட். "மன்னிப்புக் கேக்கணும்."