பதினைந்து விநாடி

கூடத்தில் கிரிஜாவை ஐஸ் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். தியாகு உள்ளறைக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டான்.

போட்டோ எடுக்க வந்ததாகச் சொல்லியிருந்தான். பொய்யில்லை. மாலை போட ஒரு படம் வேண்டும், அவள் படமெல்லாம் கம்ப்யூட்டரில்தானே கிடக்கிறது, எடுத்துக் கொடுத்தால் தார்நாகா முனை ஸ்டூடியோவில் பெரிதாக்கிவிடலாம் என்று மாமனார் நடேசன் சொன்னார். சென்னையிலிருந்து மைத்துனன் வருகிற ரயில் ஒன்பது மணிக்குத்தான். அதற்குள் ஆகிவிடும். ஆனால் தியாகு படத்துக்காக மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டர் திரை பழுதா இல்லையா என்று அவன் பார்த்தாக வேண்டும். பழுதாகத்தான் இருக்கவேண்டும், சாமி, பழுதாக இருந்துவிடட்டும் என்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நேற்றிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறான்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ஆரம்பித்தது. கிரிஜா வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுப்பவள். செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அவள் கைப் பத்திரிகைதான். "என்னங்க, ஸ்க்ரீன்ல எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்று போனில் சொன்னாள். தியாகுவுக்கு மாதாப்பூரில் பிழைப்பே அதுதான். எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து "படம் சரியில்லை" என்பான், இவன் போனிலேயே சரிபண்ணிக் கொடுப்பான். பெண்டாட்டிக்குச் செய்ய மாட்டானா? "ரெசல்யூஷன் ஜாஸ்தி வச்சிருப்ப. குறைச்சு வை" என்றான். குறைத்தாள். இரண்டு நாளில் மறுபடியும் போன். இன்னும் குறைக்கச் சொன்னான். திரையில் இருந்த படங்களெல்லாம் இட்லி அளவுக்கு ஆயின. பிறகு ட்ரைவரை அழித்துப் போடச் சொன்னான். கேபிளை இறுக்கச் சொன்னான். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் படுத்துவிடுகிறவன், ஐந்து தடவையும் போனிலேயே சரிபண்ணினான், மகா கெட்டிக்காரன்.

நேற்று ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் கேட்டார், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, இதற்கு முன்னால் தலைவலி, பார்வை இரட்டையாகத் தெரிவது என்று ஏதாவது சொன்னார்களா என்று. "இல்லையே டாக்டர்" என்றான். அந்த நிமிஷத்தில் அவனுக்கு அது பொய்யாகவே படவில்லை. பார்வை என்று அவள் எங்கே சொன்னாள்? ஸ்க்ரீன் என்றல்லவா சொன்னாள்! ஆம்புலன்ஸ் வித்யாநகர் தாண்டும்போதுதான் அந்த 'ரெண்டு ரெண்டா' ஞாபகம் வந்தது. அப்போதிலிருந்து ஒன்றும் புரியவில்லை. போன மாதம் இடி இடித்ததில் மாடிவீட்டு டி.வி. போயிற்றே, இந்த மானிட்டரும் அதில் அடிபட்டிருக்கலாமே? இரண்டும் தனித்தனி விஷயமாகக்கூட இருக்கலாமே? நடேசன் வேறு நேற்றிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே சொல்லலியா மாப்ளே? ஒரு தலவலின்னுகூடவா சொல்லல?" ஒவ்வொரு தடவையும் இல்லை மாமா, இல்லை மாமா என்றான்.

திரை விழித்துக்கொண்டது. இட்லிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. துல்லியமாக இருந்தன.

இந்த அளவில் எந்த ஓட்டை மானிட்டரும் நன்றாகத்தான் காட்டும் என்று சொல்லிக்கொண்டான். அளவை ஒரு படி ஏற்றினான். எழுத்து சின்னதாயிற்று, ஆனால் ஒற்றையாகத்தான் இருந்தது. இன்னொரு படி. முகத்தைத் திரையில் ஒட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தான். ஒற்றைதான். கடைசிப் படிக்குத் தள்ளி அமுக்கினான்.

திரை இருண்டது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் வந்து, இது என்னால் ஆகாது என்று மினுங்கியது.

"பாத்தியா! பாத்தியா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

இந்த மானிட்டருக்கு அந்த அளவு தாங்காது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? ஒன்றும் தொடாதீங்க சார், பதினைந்து விநாடி சும்மா இருங்க, அதுவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவன். இருந்தாலும் அந்தப் பதினைந்து விநாடி அவன் சந்தோஷமாக இருந்தான். சிரிப்புகூட வந்தது. மாமாவைக் கூப்பிட்டு, பாருங்க மாமா, மானிட்டர்தான் போயிருக்கு, அவ சொன்னது நிஜம் என்று காட்ட வாயெடுத்தான்.

டிக் என்றது. படம் திரும்பி வந்தது. அவள் கடைசியாகச் செய்த பத்திரிகையைத் திறந்து பார்த்தான். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், முகூர்த்த நேரம், எல்லாம் ஒற்றையாகத்தான் இருந்தது. திரைக்கு ஒரு கேடும் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மகள் சாஹித்யா வந்தாள். நாலாவது படிக்கிறாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அப்பா, தாத்தா அம்மா கண்ணாடி கேக்கறார். கண்ணாடி இல்லாம அம்மா அம்மா மாதிரியே இல்லியாம்."

"சாஹி, நீ இதுல கேம் ஆடுவியே. உனக்கு எழுத்து ரெண்டா தெரிஞ்சுதா?"

"லேது. எனக்கு நல்லாத்தான் தெரியும். அம்மாக்கு மட்டும்தான் அப்டி."

பின்னாலேயே பக்கத்து வீட்டு ஜுலைகா எட்டிப் பார்த்தாள். கிரிஜா கம்ப்யூட்டர் முன்னால் விழுந்தபோது ஓடி வந்து தூக்கியவள் அவள்தான். "கண்ணாடி கீழ கெடந்துச்சுண்ணே. கீபோர்டு ட்ராயர்லதான் வச்சேன்" என்று சொல்லிவிட்டு, சாஹித்யாவுக்குப் பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனாள்.

தியாகு ட்ராயரை இழுத்தான். கண்ணாடி இருந்தது. இடது பக்கத்தில் பத்திரிகை அட்டையின் மஞ்சள் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி செல்லோ டேப்பால் ஒட்டியிருந்தது.

"நான்தான் கட் பண்ணிக் குடுத்தேன்" என்றாள் சாஹித்யா. "ஒரு கண்ணை மூடினா ஒண்ணா தெரியுதாம். கையால மூடிக்கிட்டா எப்டி டைப் பண்றது? அதான். உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னாளே, அப்பா."

சொன்னாள். செவ்வாய்க்கிழமை. இன்னொரு போனைக் காத்திருக்க வைத்துவிட்டு இவளோடு பேசினான். "என்னங்க, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தா சரியா தெரியுது." அவனுக்குச் சிரிப்பு. "அப்ப மூடிக்கிட்டே வேலைய முடி. ஞாயித்துக்கிழமை வேற மானிட்டர் தூக்கிட்டு வரேன்."

அட மடையா. ஒவ்வொன்றாக விலக்கிப் பார், எதை விலக்கினால் சரியாகிறதோ அதில்தான் கோளாறு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. எந்தப் பாடமும் படிக்காமல் அவள் தன்னந்தனியாக அதைச் செய்து பார்த்திருக்கிறாள். திரை கெட்டிருந்தால் ஒற்றைக் கண்ணுக்கும் இரண்டாகத்தானே தெரியும்! கோளாறைக் கண்டுபிடித்து அவனிடமே சொல்லியும் இருக்கிறாள். அவன் மானிட்டர் வாங்கித் தருகிறேன் என்றான்.

"கைக்கு மாப்ளே இவ்ளோ நேரம்?" ஏன் என்பதை ஊர் உருதுவில் கேட்டுக்கொண்டே நடேசன் அறை வாசலுக்கு வந்துவிட்டார். "போட்டோ கெடச்சுதா? கண்ணாடி?"

தியாகுவின் கட்டைவிரல் நகம் தன்னால் டேப்புக்கு அடியில் போயிற்று. ஒரு இழுப்பு போதும். குழந்தை ஏதாவது சொன்னால் விளையாட்டு என்று தள்ளிவிடலாம். ஓரம் கொஞ்சம் பிரிந்தும் வந்தது. சாஹித்யா அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் நகத்தை எடுத்துவிட்டு, கண்ணாடியை அப்படியே நீட்டினான்.

"சொன்னா மாமா" என்றான். "மூணு வாரமா சொன்னா. எழுத்து ரெண்டா தெரியுதுன்னு எங்கிட்டதான் சொன்னா. நான் ஸ்க்ரீனைச் சரிபண்ணிட்டிருந்தேன்."

நடேசன் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"பத்து வாட்டி கேட்டேனேடா உன்ன" என்றார். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவர் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அடிக்கப் போகிறார் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் அடிக்கவில்லை. மஞ்சள் அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எந்தக் கண்ணு?" என்று கேட்டார்.

இடது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எதை மூடினாலும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். கெட்டது மூடின கண்ணா, மூடாத கண்ணா? அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"தெரியல மாமா."

"ஹவ்" என்று ஆமாம் போடுவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு அவர் டேப்பை உரித்தார். அட்டைத் துண்டைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு, வேட்டி நுனியால் இடது பக்கத்தைத் துடைத்தார். பிறகு வலது பக்கத்தையும் துடைத்தார். கூடத்துக்குப் போனார்.

ஒருக்களித்திருந்த கதவு வழியாகத் தியாகு பார்த்தான். யாரோ பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தார்கள். நடேசன் குனிந்து மகளின் ஒரு இமையைக் கட்டைவிரலால் தொட்டார், அடுத்து மற்ற இமையையும் தொட்டார். பிறகு கண்ணாடியைக் காதோரம் செருகினார். அது மூக்கில் நழுவி இறங்கியது. அவர் இரண்டு தடவை மேலே தள்ளிவிட்டார்.