பதினான்கு மாத வருகை

"நீ இன்னும் எங்க ஸ்கூல்லதான் படிக்கிறே, தெரியுமாம்மா?"

தலைமையாசிரியர் இப்படிக் கேட்டபோது நான் சித்தியின் தையல் அறையில் உட்கார்ந்து ஒரு பள்ளிச் சட்டைக்கு மூன்றாவது பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் போவதை நான் நிறுத்திப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். வாயில் நூல் இருந்தது. இல்லாவிட்டாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

"பத்தாம் வகுப்பு. நல்லாத்தான் படிக்கிறே. காலாண்டுத் தேர்வுல கணக்குல அறுபத்திரண்டு."

சித்தி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "சார், இவ பள்ளிக்கூடம் போயிட்டிருந்த காலத்துலயே முப்பது தாண்டினதில்லையே!"

"முன்னேற்றம்தாம்மா" என்றார் அவர். முகத்தில் கூச்சத்தின் சாயல்கூட இல்லை. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவருக்குப் பெயரே விசில் சார்தான், அவர் காதில் விழாதவரை.

விஷயம் இதுதான். எங்கள் கல்வி மாவட்டத்தில் நாற்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளியை மூடி, பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். எங்கள் பள்ளியில் எட்டு, ஒன்பது, பத்து மூன்று வகுப்பும் சேர்த்து முப்பத்தொன்பது பேர். நாற்பதாவது ஆள் நான். அதனால் விசில் சார் தினமும் எனக்கு வருகை போட்டுக்கொண்டிருந்தார். பதிவேட்டிலேயே தேர்வும் எழுதவைத்து மதிப்பெண்ணும் போட்டார். அறுபத்திரண்டுக்கு மேல் போனால் பரிசு கொடுக்கக் கூப்பிடுவார்கள், கீழே போனால் தனிவகுப்புக்குக் கூப்பிடுவார்கள், ஆகவே அறுபத்திரண்டு.

இப்போது மாவட்டம் முழுக்கப் பாதுகாப்பு, கற்றல், விளையாட்டு வாரம் வருகிறதாம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் எல்லாரும் மைதானத்துக்கு ஓட வேண்டும். அங்கே கல்வி அதிகாரி பதிவேட்டை வைத்துத் தலையை எண்ணுவார்.

"ஒரே வாரம்மா. வந்து உட்காரு. ஒண்ணும் பேச வேணாம். வெள்ளிக்கிழமை முடிஞ்சா நீ பாட்டுக்குப் பொத்தான் தைக்கலாம், நான் பாட்டுக்கு வருகை போட்டுக்கறேன்."

பள்ளியை நான் நிறுத்தியதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் எட்டு நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் புறப்பட்டு வகுப்பு வாசல்வரை போனேன். உள்ளே நுழைந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து திரும்பி வந்தேன். அடுத்த நாள் போனால் இன்னும் கூடுதலாகப் பார்ப்பார்கள். அதற்கடுத்த நாள், கேட்கவே வேண்டாம். பத்து நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது வந்து விசாரிக்க வேண்டும் என்று விதி இருப்பது எனக்குத் தெரியும். ஜன்னலோரமாக உட்கார்ந்து காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பள்ளியில்தான் நான் தவறாமல் இருந்தேனே, என்னை எதற்குத் தேடுவார்கள்?

அதிலிருந்து அப்பா என்னோடு நேராகப் பேசுவதில்லை. அவர்தான் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு சொந்த வீட்டு வாசலை நிற்காமல் கடந்துபோவது அவருக்கு அவமானம். என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அம்மாவிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நின்றாலும், "அவளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு" என்பார்.

திங்கட்கிழமை காலை பேருந்து எங்கள் வாசலில் நின்றது. ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கைதான் எப்போதும் என்னுடையது. இப்போது அதில் ஸ்டெப்னி டயர் உட்கார்ந்திருந்தது. கயிற்றால் கட்டி, பத்திரமாக. நான் நிறுத்திய மாதமே அப்பா அதை அங்கே ஏற்றிவிட்டாராம்.

"டயரை எடுத்துட்டு அவளை உக்கார வைக்கக்கூடாதா?" என்றாள் வாசலில் நின்ற அம்மா.

"ஒரு வாரத்துக்காக அதை அவுக்கணுமா? அவளைப் பின்னாடி போகச் சொல்லு."

பின்னாடி போனேன்.

வகுப்பு வாசலில் கால் நின்றுவிட்டது. அந்த ஒரு நிமிடம் வந்தேவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஒருவரும் திரும்பவில்லை. ஒன்பது பேரும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. எல்லார் காதும் சிவந்திருந்தது. புதிதாக வந்தவளைப் பார்ப்பதுபோல் எவனாவது பார்த்தால் தோலை உரித்துவிடுவேன் என்று விசில் சார் சொல்லியிருந்தார். பதினான்கு மாதம் நான் பயந்த விஷயத்தை அவர் ஒரே வாக்கியத்தில் தடை செய்துவிட்டார். எனக்கு ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பக்கத்தில் ஒலிபெருக்கி உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரி. அவள் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் கேட்கும். தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"நான்தான்டி உனக்கு உள்ளேன் ஐயா சொல்றேன். தினமும்."

"அப்படியா?"

"என் பேருக்கு ஒரு குரல், உன் பேருக்கு ஒரு குரல். உன்னுது கொஞ்சம் மெலிசா இருக்கும். போன மாசம் எனக்குச் சளி பிடிச்சுது, ஒரு வாரம் உனக்குத் தொண்டை கட்டியிருந்துது."

"தேங்க்ஸ்டி."

"தேங்க்ஸ் இருக்கட்டும். வரலாறு ஒப்பித்தல்ல உனக்காக ரெண்டு அடி வாங்கியிருக்கேன். அதுக்கு என்ன சொல்றே?"

நான் சிரித்துவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று தீயணைப்புக் கருவியைப் பயன்படுத்தும் முறையை விசில் சார் செய்துகாட்டினார். ஊசியைப் பிடுங்கிவிட்டுக் குழாயை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறோம் என்று பார்த்தார். அதற்குள் அது அவர் பக்கம் பீச்சிவிட்டது. மீசை, விசில், எல்லாம் வெள்ளை. பாதுகாப்பு என்றால் என்ன என்று எங்களுக்கு நன்றாகப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை பேருந்தின் அவசரக் கதவு வழியாகக் குதிக்கும் பயிற்சி. அந்தக் கதவு துருப்பிடித்துத் திறக்கவில்லை. அப்பா எண்ணெய் விட்டு, உதைத்து, கடைசியில் தோளால் முட்டித் திறந்தார். பார்க்க வந்திருந்த கல்வி அதிகாரி, கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக எண்ணும் சின்னக் கருவியைக் கையில் வைத்திருந்த அம்மையார், உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சீட்ல எதுக்கு டயர்?"

"அது அங்கதான் மேடம் இருக்கும்" என்றார் அப்பா.

"வண்டிக்கு அடியில அதுக்குன்னு மாட்டற இடம் இருக்கில்ல?"

"இருக்கு மேடம்" என்றார். ஆனால் எடுக்கவில்லை.

புதன், வியாழன் கற்றல் நாட்கள். மாவட்டத்திலிருந்து வந்த பெட்டியில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. நான் தைத்த பொத்தானையே அதன் வழியாகப் பார்த்தேன். ஒலிபெருக்கியின் சட்டையில் இருந்தது. நாலு துளையிலும் நூல் எவ்வளவு ஒழுங்காகப் போயிருந்தது! ஒரு வருடமாக இந்தப் பள்ளிக்கு நான் பொத்தான் வடிவத்தில் வந்துகொண்டிருந்திருக்கிறேன் என்று தோன்றியது. வியாழன் மதியம் ஒரு கணக்குக்கு எனக்கே விடை வந்தது. யாருக்கும் காட்டவில்லை. ஆனால் வந்தது. மாலை மணி அடித்ததும் விசில் சார் அறை வாசலில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றேன்.

"சார், திங்கட்கிழமையும் வரட்டுமா?"

பதறிப்போனார். "எதுக்கு?"

"படிக்க சார்."

"இங்க பாரும்மா. நீ வராம இருக்கிறவரைக்கும் நல்லா படிக்கிற பொண்ணு. வந்தேன்னா கெட்டுப்போயிரும். ஒரு வருஷப் பாடம் உனக்குத் தெரியாது. பொதுத்தேர்வுல ஃபெயில் ஆவே. நம்ம ஸ்கூல் எப்பவும் நூத்துக்கு நூறு தேர்ச்சி. தேர்வு சமயத்துல உனக்கு மறுபடி காய்ச்சல்னு எழுதிக்கறேன், விடு."

எனக்கு எப்போது காய்ச்சல் வர வேண்டும் என்பதைக்கூட அவர் முடிவு செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க ஓட்டப்பந்தயமும் கயிறு இழுத்தலும். எங்கள் வகுப்பு தோற்றது. நானும் இழுத்தேன், கை எரிந்தது. மூன்று மணிக்கு மணி அடித்தது. எல்லாரும் மைதானத்துக்கு ஓடி வரிசையில் நின்றோம். அதிகாரி பதிவேட்டைத் திறந்து படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் கட்டைவிரல் டிக் என்றது. முப்பத்தொன்பது டிக். கடைசியாக என் பெயர்.

"உள்ளேன் ஐயா!" என்றது என் மெலிசான குரல். நான் வாயைத் திறக்கவேயில்லை.

ஒலிபெருக்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதினான்கு மாதப் பழக்கம், பாவம், அவள் என்ன செய்வாள்?

அதிகாரி நிமிர்ந்தார். "முதல்ல, நான் ஐயா இல்ல. ரெண்டாவது, நீ ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிட்டே. இந்தப் பேருக்கு உரியவ யாரு?"

நான் கையைத் தூக்கினேன்.

விசில் சார் ஓடி வந்தார். "அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் கூச்சம் மேடம். அதான் பக்கத்துல இருக்கறவ உதவி செய்யறா."

"சரி. இப்ப அவளே சொல்லட்டும்."

இப்போது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விசில் சாரின் தடை காற்றில் போய்விட்டது. உள்ளேன் என்று ஒரு வார்த்தை போதும், நாற்பதாவது டிக் விழும், பள்ளி பிழைக்கும். திங்கட்கிழமை நான் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பேன், இங்கே என் மெலிசான குரல் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும்.

"இந்த வாரம் மட்டும்தான் மேடம் உள்ளேன்" என்றேன்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். "போன வாரமும் வந்ததா இருக்கே?"

"அது இவ மேடம்."

"கணக்குல அறுபத்திரண்டு?"

"அது சார்."

எட்டாம் வகுப்பு வரிசையில் யாரோ பீறிட்டுச் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. என் அருகில் வந்தார்.

"பத்து நாள் வராத பிள்ளை வீட்டுக்கு நான் போகணும். உன் பேர் என்கிட்ட வரவே இல்ல. அதனால இப்பக் கேக்கறேன். ஏன் வரல?"

"காய்ச்சல் மேடம். அப்புறம், உள்ள வந்தா எல்லாரும் பாப்பாங்கன்னு."

"இப்பப் பாக்கறாங்களே. எப்படி இருக்கு?"

யோசித்தேன். "அவ்ளோ ஒண்ணும் இல்ல மேடம்."

அவர் பேனாவை எடுத்து என் பெயரை அடித்தார். முப்பத்தொன்பது. விசில் சார் சத்தமில்லாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு மணி வரைக்கும்தான் எண்ணிக்கை" என்றார் அதிகாரி, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தபடி. "புதுசாச் சேரணும்னா ஒன்பதாவதுலதான் சேரணும். சின்னப் பிள்ளைங்களோட. சம்மதமா?"

"சம்மதம் மேடம்."

"அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடணும். சார், நீங்க எந்திரிங்க. பதினாலு மாசத்துக்கும் வரலைன்னு உங்க கையாலேயே திருத்தி எழுதுங்க. மீதியைத் திங்கட்கிழமை என் ஆபீஸ்ல பேசிக்கலாம்."

விசில் சார் எழுந்து கேட்டை நோக்கி ஓடினார். அன்றைய விளையாட்டுகளிலேயே வேகமான ஓட்டம் அதுதான். பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். ஒலிபெருக்கி என் காதில், அதாவது மைதானம் முழுக்க, "இனிமே நான் யாருக்குடி உள்ளேன் சொல்றது?" என்றாள்.

அப்பா படிவத்தை வாங்கினார். எதையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. முன்பக்கம் படித்தார், பின்பக்கமும் படித்தார்.

"நாலாகப் போவுது சார், போடுங்க" என்று விசில் சார் கெஞ்சினார்.

கடைசிக் கேள்வி, மாணவி பள்ளிக்கு எப்படி வந்துபோவார் என்பது. அப்பா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "பேருந்து" என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. டிக்.

"பொண்ணுகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் அதிகாரி.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா அங்கே இல்லை, யார் மூலமாகச் சொல்வது என்று தெரியவில்லை போலும். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போனார். உள்ளே ஏறிக் கயிற்றை அவிழ்ப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. டயரை மார்போடு அணைத்து இறக்கி, எங்கள் பக்கம் திரும்பாமல், வண்டிக்கு அடியில் அதை மாட்டும் இடத்துக்கு உருட்டிக்கொண்டு போனார்.