பன்றிக் கொட்டகையில் ரூபி

வெண்டல் லிண்ட்கிரென் தம் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காருக்கு ரூபி என்று பெயரிட்டிருந்தார். அவருடைய மனைவிக்குப் பெற்றோர் இட்ட பெயர் மார்லிஸ். இவ்விரு பெயர்களுள் எது அவ்வீட்டில் மிகுதியாக உச்சரிக்கப்பட்டது என்பது குறித்து மார்லிஸ் கருத்துக் கூறுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

ரூபி மழையில் நனைந்தறியாதவள். மின்னசோட்டா மாநிலத்தின் வடகோடியில், பனி உருக, இரும்பை அரிக்கும் உப்பைச் சாலைகளில் தூவும் லாரி முதன்முறையாகப் புறப்படும் நாளுக்கு முன்பே அவள் போர்வைக்குள் புகுந்துவிடுவாள். பனி முழுதும் உருகி, வசந்தகால மழை சாலையில் எஞ்சிய உப்பைக் கழுவிய பின்னரே மீண்டும் வெளியே தலை காட்டுவாள். ஆண்டில் சில மாதங்களே ஓடும் அவ்வண்டிக்காக ஏனைய மாதங்களெல்லாம் ஒரு மனிதர் ஓயாது உழைத்தார். டயர்கள் ஒரே பக்கமாக அழுந்திவிடாதிருக்க வண்டியைத் தாங்கிகளின் மீது ஏற்றுவார். பேட்டரியைக் கழற்றி வந்து சமையலறை மூலையில் வைத்து, நோயாளிக்குக் கஞ்சி புகட்டுவதுபோல் மின்சாரம் ஊட்டுவார். எலிகளுக்கு மணம் ஆகாதென்று யாரோ சொன்னதன்பேரில் வண்டியினுள் வாசனைச் சோப்புக் கட்டிகளைப் பரப்புவார். அக்டோபர் மாதத்தில் குளியலறையில் சோப்பு இல்லையென்றால் அது எங்கே போயிற்று என்று மார்லிஸ் கேட்பதில்லை.

மார்லிஸுக்கும் ஒரு வண்டி இருந்தது. அதற்குப் பெயர் எதுவும் இல்லை. அது குளிர்காலம் முழுவதும் வெட்டவெளியில் நின்றது. பள்ளிச் சமையற்கூடத்தில் பணியாற்றிய மார்லிஸ், ஊரார் உறங்கும் வேளையிலேயே எழுந்து, அதன் கண்ணாடியில் படிந்த பனிக்கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் புறப்படுவார். அவ்வேளையில் கார்க்கொட்டிலின் சன்னல் வழியே, உள்ளே ரூபிக்காக எரியும் கணப்பின் செந்நிற ஒளி இதமாகத் தெரியும்.

சென்ற குளிர்காலத்தில் கூரைமேல் குவிந்த பனியின் பாரத்தால் அக்கொட்டிலின் உத்தரம் ஒன்று விரிசல் கண்டது. வெண்டல், யார் தலையில் எது விழக்கூடும் என்று பிறருக்கு எடுத்துரைத்தே வாழ்நாளெல்லாம் சம்பாதித்த காப்பீட்டு முகவர். அந்த உத்தரத்தின் கீழே ரூபியை நிறுத்துவது கொலைக்கு ஒப்பானது என்று அவர் தீர்ப்பளித்தார். எனவே, அந்த இடத்தை இனி மார்லிஸ் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையுடன் அனுமதியும் வழங்கினார்.

ரூபிக்கு வேறிடம் வேண்டும். மாவட்டப் பொருட்காட்சி மைதானத்தில், ஆகஸ்டு மாதத்தில் பரிசுக்குரிய பசுக்களையும் பன்றிகளையும் ஆடுகளையும் கட்டிவைக்கும் நீண்ட கொட்டகைகள் உள்ளன. கால்நடைகள் ஊர் திரும்பிய பின்னர் அவை வெறுமையாகக் கிடக்கும். ஆகையால் அக்டோபரில் ஒரு சனிக்கிழமையன்று, குளிர்காலம் முழுமைக்கும் ஊராரின் கார்களையும் படகுகளையும் அங்கே அடைத்துவைப்பது வழக்கம். மைதானத்தின் காவலாளர் டெல்மர் வண்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி, ஒரு கையகல இடைவெளிகூட வீணாகாதபடி நிறுத்துவார். கடைசி வண்டி உள்ளே நுழைந்ததும் பெருங்கதவைச் சாத்துவார். அதன்பின் ஏப்ரலில்தான் அது திறக்கப்படும். டெல்மரும் வெண்டலும் மார்லிஸும் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எனினும் ஏப்ரல் என்றால் ஏப்ரல்தான்.

வெண்டல் அந்தச் சனிக்கிழமை விடியுமுன்னரே சென்று வரிசையின் தலைப்பில் நின்றார். முதலில் போகிறவருக்கே கொட்டகையின் கடைக்கோடி மூலை கிடைக்கும். அங்கே கதவிடுக்கின் குளிர்காற்று வராது. பிறர் வண்டியின் கதவு வந்து இடிக்காது. பன்றிக் கொட்டகையின் அந்த மூலைக்காக அவர் காட்டிய ஆவலைச் சிலர் தேவாலயத்தின் முன்வரிசை இருக்கைக்குக்கூடக் காட்டியதில்லை. முதலில் நுழையும் வண்டியே கடைசியில் வெளிவரும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். வெண்டலுக்கும் தெரியும். அது அவருக்கு ஒரு கூடுதல் பாதுகாப்பாகவே தோன்றியது.

மார்லிஸுக்கு அந்த ஆண்டு வேறொரு சிந்தை இருந்தது. அவர் கடலைக் கண்டதில்லை. பிப்ரவரியில் மெக்சிகோவின் கடற்கரை ஒன்றில் ஒரு வாரம் தங்குவதென்று இருவரும் முன்னரே இருமுறை ஏற்பாடு செய்திருந்தனர். முதன்முறை, கார்க்கொட்டிலின் கணப்பு பழுதாயிற்று என்று வெண்டல் நின்றுவிட்டார். அடுத்தமுறை, கொட்டிலில் எலிப்புழுக்கை கண்டார். எலியோடு ரூபியைத் தனியே விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை. மூன்றாம் முறையாக இப்பொழுது விமானச்சீட்டு வாங்கியாகிவிட்டது. நீலப்பூப் போட்ட நீச்சலுடை ஒன்றையும் மார்லிஸ் வாங்கி, வெளியே பனிப்புயல் வீசிய ஒரு மாலையில், குளியலறைக் கண்ணாடியின் முன்னே கம்பளிக் காலுறையைக் கழற்றாமலே அணிந்து பார்த்தார். இம்முறையும் பயணம் நின்றால், இனி ஒருபோதும் அதைக் கேட்கப்போவதில்லை என்று அவர் தமக்குள் முடிவு செய்திருந்தார். கேட்டுக்கேட்டுக் கிடைக்காத ஒன்றை மீண்டும் கேட்க ஒரு மனிதருக்கு எவ்வளவுதான் வெட்கமின்மை இருக்க முடியும்?

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, இரவு உணவின்போது, பாஸ்போர்ட்டுகள் எங்கே என்று மார்லிஸ் கேட்டார். உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட பண்டத்தை வாயருகே கொண்டுபோன வெண்டலின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"பத்திரமாத்தான் இருக்கு," என்றார்.

"எங்க பத்திரமா இருக்கு?"

"ரூபிகிட்ட."

கோடைக்காலத்தில் அக்கம்பக்கத்தில் ஒரு திருட்டு நடந்ததாம். நம் உடைமைகளுள் எது மிகவும் பாதுகாப்பானது என்று அவர் ஆராய்ந்தாராம். ரூபியின் முன்னிருக்கைக்கு எதிரே உள்ள முன்பெட்டியைவிடப் பூட்டும் காவலும் மிகுந்த இடம் அவ்வீட்டில் இல்லை என்று கண்டு, இரு பாஸ்போர்ட்டுகளையும் அதனுள் வைத்துப் பூட்டினாராம். அக்டோபரில் எலிக்கு அஞ்சி, இருக்கைக்கடியில் கிடந்த மிட்டாய்த் தாளைக்கூடப் பொறுக்கி எடுத்தவர்தாம். ஆனால் பூட்டிய பெட்டிக்குள் எலி போகாது அல்லவா? அதனால் அதைத் திறந்து பார்க்கவில்லையாம். இவற்றையெல்லாம் அவர் ஒரு காப்பீட்டுக் கோரிக்கையை விளக்குவதுபோல் நிதானமாக விளக்கினார்.

மறுநாட் காலையில் இருவரும் மார்லிஸின் வண்டியில் மைதானத்துக்குச் சென்றனர். மூச்சுக்காற்று புருவத்தில் உறையும் குளிர். கொட்டகையின் பெருங்கதவுக்கு முன்னே, சாலைப்பனியைத் தள்ளும் வண்டி ஒதுக்கிய பனி, ஆளுயரத்துக்கும் மேலாகக் குவிந்து கல்போல் இறுகியிருந்தது. டெல்மர் தம் அலுவலறையிலிருந்து காப்பிக் குவளையுடன் வெளியே வந்து, நடந்ததைக் கேட்டறிந்து, நெடுநேரம் அப்பனிக்குவியலைப் பார்த்தார்.

டிராக்டர் கொண்டு பனியை அகற்றலாம் என்றார் அவர். ஆனால் அகற்றியும் பயனில்லை. ரூபிக்கு முன்னால் கொட்டகை நிறைய வண்டிகள். அவற்றுள் ஒன்றிலும் உயிருள்ள பேட்டரி இல்லை. சாவிகளோ உரிமையாளர்களிடம் உள்ளன. உரிமையாளர்கள் அரிசோனாவிலும் புளோரிடாவிலும் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறார்கள். பெருநகரத்துப் பாஸ்போர்ட் அலுவலகத்திலோ அடுத்த வாரம்வரை யாருக்கும் நேரம் ஒதுக்க இயலாது என்று மார்லிஸ் காலையிலேயே தொலைபேசியில் விசாரித்திருந்தார்.

"பக்கவாட்டுல ஒரு சின்னக் கதவு இருக்கு. பன்னிய வெளிய ஓட்டுறதுக்கு வச்சது," என்றார் டெல்மர். "அத வேணா திறந்துவிடறேன். அங்கேருந்து மூலைக்குப் படகுங்களுக்கு அடியில தவழ்ந்துதான் போகணும். சாமானை எடுத்துக்கிட்டு வந்துடுங்க. யாரு வண்டி மேலயும் ஏறக் கூடாது."

வெண்டல் அச்சிறு கதவின் வழியே தலையை நீட்டினார். உள்ளே இருளில், இழுவண்டிகளின் மேல் ஏற்றிய படகுகளும், போர்வை போர்த்த கார்களும் மந்தைபோல் நெருங்கி நின்றன. அவர் தம் வயிற்றைப் பார்த்தார். படகின் அடிப்புறத்தைப் பார்த்தார். பின்னர் தலையை வெளியே இழுத்துக்கொண்டு, தாம் நுழைந்தால் ஏதேனும் ஒரு தாங்கி சரியக்கூடும், சரிந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கடைசியில் அது எங்கே போய் முடியும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா என்று டெல்மரைக் கேட்டார். டெல்மர் காப்பியைக் குடித்தார்.

வெண்டல் மார்லிஸின் தோளில் கை வைத்தார். "அடுத்த வருஷம் போய்க்கலாமே, மார்லிஸ். கடல் எங்க போயிடப்போகுது?"

கடல் எங்கும் போய்விடாது என்பது உண்மையே. மார்லிஸ் அவ்வுண்மையை மறுக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"சாவியைக் குடு."

ரூபியின் சாவியை மார்லிஸின் கையில் வெண்டல் கொடுத்தது மணவாழ்க்கையில் அதுவே முதன்முறை. கொடுக்குமுன் அவர் சில அறிவுரைகளையும் கூறினார். போர்வையை ஓட்டுநர் பக்கத்தில் மட்டும் சுருட்டவேண்டும்; இழுக்கக் கூடாது. கதவைச் சுவரில் இடிக்காமல் திறக்கவேண்டும். மார்லிஸ் கைவிளக்கை வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தார்.

கொட்டகையில் ஆகஸ்டின் வாடை இன்னமும் உறைந்து தங்கியிருந்தது. முழங்கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, படகு ஒன்றின் அடியில் நுழைந்து, மற்றொன்றின் அடியில் வெளிவந்து, சிமெண்டுத் தரையின் குளிர் கையுறையைத் துளைத்து எலும்பில் ஏற, அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி கடற்கரையை நோக்கித் தவழ்ந்துசென்றார். கதவருகிலிருந்து வெண்டலின் குரல் அவரை இடைவிடாது பின்தொடர்ந்தது. மேற்சட்டையின் ஜிப் ரூபியின் வண்ணப்பூச்சில் உரசிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிற்று. போர்வையின் உள்புறம் தரையில் படக்கூடாது என்றது.

ரூபியின் கதவுக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் மூச்சடக்கி நிற்க இடமிருந்தது. மார்லிஸ் எழுந்து நின்று, போர்வையைச் சுருட்டி, பூட்டைத் திறந்தார். உள்ளிருந்து சோப்பின் மணம் குபீரென்று வீசிற்று. காணாமற்போன சோப்புகள் அனைத்தும் அங்கே நலமாக இருந்தன.

"ஏறுறதுக்கு முன்னாடி பூட்ஸைக் கழட்டிடு," என்றது குரல்.

மார்லிஸ் குனிந்து ஒரு பூட்ஸைக் கழற்றினார். பழக்கத்தின் வலிமை அத்தகையது. ஒற்றைக் கம்பளிக் காலுறையுடன், பன்றிகள் நின்ற தரையில், உயிரை உறையவைக்கும் குளிரில், கையில் ஒரு பூட்ஸைப் பிடித்துக்கொண்டு ஒரு காருக்கு மரியாதை செலுத்தி நின்றபோதுதான், தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை அவர் கைவிளக்கின் ஒளியில் கண்டார். பின்னர் பூட்ஸை மீண்டும் அணிந்து, அதன் கயிற்றைக்கூட நிதானமாக முடிந்து, இரு கால்களையும் உள்ளே வைத்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். இருக்கை மிகவும் வசதியாகத்தான் இருந்தது.

முன்பெட்டியில் இரண்டு பாஸ்போர்ட்டுகளும் ஒரு ரப்பர் வளையத்துக்குள் இருந்தன.

"மார்லிஸ், எங்கயும் அடிபடலியே?" என்று ஒரு குரல் கேட்டது. அது டெல்மருடையது.

"கதவு சுவத்துல இடிக்கலியே?" என்று மற்றொரு குரல் கேட்டது.

மார்லிஸ் டெல்மருக்கு மட்டும் மறுமொழி கூறினார். பின்னர் ரப்பர் வளையத்தைக் கழற்றி, ஒன்றைத் தம் மேற்சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டார். மற்றதை, அவ்வீட்டின் உடைமைகளுள் மிகவும் பாதுகாப்பான இடத்திலேயே திரும்ப வைத்துப் பூட்டினார். கதவை ஓசையின்றிச் சாத்தி, போர்வையை ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துவிட்டார். ரூபியின்மீது அவருக்கு எக்காலத்தும் வருத்தம் இருந்ததில்லை. அவளா கேட்டாள்?

வெளியே வந்தபோது அவருடைய முழங்கால்களில் வைக்கோலும் கன்னத்தில் கறுப்பு மசகும் அப்பியிருந்தன. வெண்டல் அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "கீறல் ஒண்ணும் விழலியே?" என்றார்.

"விழல."

"ரெண்டும் இருந்துதா?"

"இருந்துச்சு. என்னோடத எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

வெண்டலுக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "அப்ப என்னோடது?"

மார்லிஸ் சாவியை அவர் முன்னே நீட்டினார். "உள்ளதான் இருக்கு. வேணும்னா போய் எடுத்துக்கிட்டு வா, வெண்டல். நான் வண்டியில காத்திருக்கேன். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கேன்."

அச்சொல்லில் பரிகாசம் இல்லை. அவர் உண்மையாகவே காத்திருந்திருப்பார். வெண்டல் சாவியை வாங்கினார். சிறு கதவருகே சென்று குனிந்து, உள்ளே வெகுநேரம் பார்த்தார். ஏதோ நினைவுக்கு வந்தவர்போல டெல்மர் காலியான குவளையுடன் அலுவலறைக்குத் திரும்பி நடந்தார். மார்லிஸ் கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெண்டல் நிமிர்ந்து திரும்பினார். ஒரு பெரும் பாரம் இறங்கிய நிம்மதி முகத்தில் தெரிவதை மறைக்க அவர் இயன்றவரை முயன்றார், இயலவில்லை.

"போர்வையோட எலாஸ்டிக்கை பம்பருக்குக் கீழ வரைக்கும் இழுத்து விட்டியா?" என்று கேட்டார்.

"விட்டேன்," என்றார் மார்லிஸ்.

வெண்டல் சாவியைச் சட்டைப்பையில் இட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். திரும்பும் வழியில், தனியே அவ்வளவு தொலைவு எப்படிப் போவாய் என்றும், வேற்று நாட்டுத் தண்ணீரைக் குடிக்காதே என்றும் அவர் அக்கறையோடு பேசிவந்தார். மார்லிஸ் அதற்கெல்லாம் தலையசைத்தார். விமானத்தில் சன்னலோர இருக்கையில் அமர்வதா, அடுத்த இருக்கையில் அமர்வதா என்பதே அவருடைய யோசனையாக இருந்தது. இரண்டுமே இப்பொழுது அவருடையவை.