தானியேல் என்கிற ஃபோல்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என் தம்பி தானியேல் வாங்கியது. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் மேசை என்னுடையது, கரண்டு பில் கட்டுவது நான், தூசி துடைப்பது என் மனைவி மெர்சி. அப்புறம் வாங்கியவன் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தால் வேலைக்காகாது.

தம்பி வீட்டைவிட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போனான் என்பதைவிட நான் போகச் சொன்னேன் என்பதுதான் சரி. கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை பார்த்த கம்பெனியிலேயே இருந்த ஒரு பெண்ணை, பழவேற்காட்டு பாய் வீட்டுப் பெண்ணை, ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். இனிமேல் இந்த வாசப்படியை மிதிக்காதே என்றேன். கோபத்தில் யாரும் சொல்வதுதான். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காத பயல், அதை மட்டும் அப்படியே கேட்டுவிட்டான்.

துணிமணி எடுத்துக்கொள்ள அன்று சாயங்காலம் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் இருந்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நான் புதுவாயல் கூட்ரோட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால், எப்போதும் தானியேல் என்று வருகிற இடத்தில் பீட்டர் என்று என் பெயர் வந்தது. ஆள் போனதைத் தெரிந்துகொண்டு வீட்டில் இருப்பவன் பெயரை அதுவே போட்டுக்கொண்டது என்று நினைத்தேன். மெஷினுக்கு இருக்கிற விவரம் மனுஷனுக்கு இல்லையே என்று மெர்சியிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

இப்போது எங்கள் பெண் குழந்தைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ரொம்ப வருஷம் காத்திருந்து பிறந்த குழந்தை. தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

"ஏங்க, தானியேலுக்கு சொல்லலியா? சித்தப்பன் இல்லாம இன்னா ஞானஸ்நானம்?" என்றாள் மெர்சி.

"அவன் பேரே இந்த ஊட்ல கெடையாது."

அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் கூப்பிட்டாள். கேக்கில் போடக் குழந்தையின் போட்டோவைத் தேடித் திறந்து வைத்திருந்தாள். போட்டோ எங்கே இருக்கிறது என்று மேலே நீளமாக ஒரு வரி காட்டியது. அதன் நடுவில் இங்கிலீஷில் தானியேல் என்று இருந்தது.

"இது யாரு பேரு?" என்று விரலை வைத்தாள்.

அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் இத்தனை நாளும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்தப் பேர எடுத்துடுங்க. எடுத்துட்டீங்கன்னா அவன் பேச்சையே நான் எடுக்கமாட்டன். முடியலன்னா, நீங்களே ஃபோன் போட்டு ரெண்டு பேரையும் கூப்புடணும்."

"சரி" என்றேன். இரும்பு மில்லில் டன் கணக்கில் தூக்கி வைக்கிற கிரேன் ஓட்டுகிறவன் நான். ஃபோல்டர் என்று திரையில் தெரிகிற ஒரு மஞ்சள் கவரைத் தூக்க மாட்டேனா?

தூக்க முடியவில்லை. டெலீட் என்று கொடுத்தால் இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். இதை வேறொரு ஆளோ வேறொரு புரோகிராமோ உபயோகித்துக்கொண்டிருப்பதால் அழிக்க முடியாது என்றது. பெயரை மாற்றிப் பார்த்தேன், அதற்கும் அதே பதில். அக்கவுண்ட் இருக்கிற இடத்தில் போய்ப் பார்த்தால் பீட்டர் ஒருவன்தான் இருக்கிறான், தானியேல் என்று ஆளே இல்லை. ஆளில்லாத வீட்டுக்குள் யார் புழங்குகிறார்கள்?

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பயல் இப்போது குடியிருக்கிற வேப்பம்பட்டில் உட்கார்ந்துகொண்டு இன்டர்நெட் வழியாக என் வீட்டுக்குள் வந்து போகிறான். இன்டர்நெட் வருகிற டெலிபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பரணில் போட்டேன். அப்படியும் அந்த வேறொரு ஆள் வெளியே போகவில்லை, அதே பெட்டிதான் வந்தது. ரெண்டு நாள் கழித்து எங்கள் சர்ச் ஐயர் சைக்கிளில் வந்து, "இன்னாப்பா பீட்டர், ஃபோன் அடிச்சினே கீது, எடுக்கமாட்டன்ற? ஞாயித்துக்கெழம உண்டா இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மெர்சி தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை, கூட்ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பூவராகவனைக் கூட்டிவந்தேன். அவன் செய்கிற வேலையைவிடப் பேச்சு அதிகம். முதலில் டீ கேட்டான், பிறகு ஃபேனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னான். அப்புறம்தான் மௌஸைத் தொட்டான்.

"அந்த வேற ஆளு யாருன்னு கண்டுபுடி. அவன் கைய ஒடைக்கறன்" என்றேன்.

அவன் ரெண்டு மூன்று இடத்தில் அமுக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"ஒடைங்க. அது நீங்கதான்."

"இன்னா?"

"இது தானியேல் அக்கவுண்ட்டுதான். பேர மட்டும் பீட்டருன்னு மாத்திக்கீது. ஊட்டு கேட்ல போர்டு மாத்திட்டா, கரண்டு கார்டுல பேர் மாறிடுமா? அதுல பழைய ஓனர் பேருதானே வரும்? அத்த மாதிரி. நீங்க ஒக்காந்துகினு இருக்கறதே தானியேல் ஊட்லதான். உள்ள ஒக்காந்துகினே இடிச்சா எப்டி இடியும்?"

எங்கள் வீட்டுக் கரண்டு கார்டில் இன்னும் எங்கள் தாத்தா பெயர்தான். அதனால் அவன் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததே பேஜாராக இருந்தது.

"அழிக்கவே முடியாதா?"

"ஏன் முடியாது? உங்க பேர்ல புச்சா ஒன்னு போட்டு, கொயந்த போட்டோல்லாம் அதுக்கு மாத்திட்டு, இத்த மொத்தமா தூக்கிடலாம். இன்னொரு டீ குடிக்கற டைம்தான்."

மெர்சியின் முகம் மாறியது. இப்படி ஒரு வழி இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நான் ஜெயிக்கப்போகிறேன் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இரு. பேர மாத்துனது யாரு? நான் மாத்தலியே" என்றேன்.

"தானாவா மாறும்? யாரோ ஒக்காந்துதான் மாத்திக்கீறாங்க" என்றான் பூவராகவன்.

மெர்சி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள். "தானியேல்தான். போற அன்னைக்கு. துணிய மடிக்கறதுக்கு முன்னாடி இத்ததான் பண்ணான். 'அண்ணனுக்கு புச்சா போட்டுக் குடுத்தா ஒன்னும் தெரியாது அண்ணி, தடுமாறும். என்னோடதயே அண்ணன் பேர்ல மாத்திட்டன். பாட்டு, தமிழ் எழுத்து எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கட்டும்'னான். 'என் பேரு கண்ல பட்டா அண்ணனுக்கு கோவம் வரும்'னும் சொன்னான்."

"மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுதான?"

"நீங்க கேக்கலியே."

ஒன்றரை வருஷமாக அவன் வைத்துவிட்டுப் போன பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என் குழந்தையின் போட்டோ எல்லாவற்றையும் அவன் பெயருக்குள்தான் போட்டு வைத்திருக்கிறேன். அவன் பெயரை நான் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. அன்றைக்கே அவன் எடுத்துக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். வெட்கமாக இருந்தது.

"ஆரம்பிக்கட்டா?" என்றான் பூவராகவன்.

"வாணாம். யூஸ்ல கீதுப்பா" என்றேன்.

அவனை அனுப்பிவிட்டுப் பரணில் ஏறி டெலிபோன் வயரை எடுத்துத் திரும்ப மாட்டினேன். நம்பரை மெர்சி பார்க்காமலே சொன்னாள். எத்தனை தடவை பேசியிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

"அலோ" என்றான் தானியேல்.

"நான்தான். நாளைக்கு பாப்பாவுக்கு ஞானஸ்நானம். ஷஹனாஸையும் இட்டுக்கினு வந்துடு."

அந்தப் பெண்ணின் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பயந்து, வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

"கம்ப்யூட்டர்ல உன் பேர அழிக்கப் பாத்தன்டா. முடியல. வேற ஒரு ஆளு யூஸ் பண்ணிகினு கீறாருன்னு சொல்லுது."

அவன் சிரிப்பது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"அந்த ஆளு எப்டிண்ணா கீறாரு?" என்றான்.

ரிசீவரை மெர்சியிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.